பசி சமைத்த நகரம்: ஹனோய்

ஹனோயைப் பற்றித் தேடினால் முதலில் கண்ணில் படுவது சாப்பாடுதான். ஆவி பறக்கிற ஃபோ, முட்டைக் கோப்பி, தாமரை இலையில் மடித்த பச்சை அவல். பயண வீடியோக்கள் இவற்றைக் கொண்டாடித் தள்ளுகின்றன. கொண்டாடட்டும். ஆனால் இந்த மூன்றுக்கும் பின்னால் ஒரு பசியின் கதை இருக்கிறது. நாங்கள் பேச வந்தது அதைத்தான்.

ஹனோய்க்கு நான்கு பருவங்கள் உண்டு. பெப்ரவரி, மார்ச்சில் தூறலும் ஈரமும் சேர்ந்து வீட்டுச் சுவரே வியர்க்கும். மே தொடங்கினால் புழுக்கமும் அடைமழையும். டிசம்பர், ஜனவரியில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போக ஏலாது. இடையில் வருகிற இலையுதிர் காலத்தில்தான் 'கோம்' எனப்படும் பச்சை அவல் சந்தைக்கு வரும். முற்றாத நெல்லை வறுத்து இடித்துச் செய்வது. இதற்குப் பேர்போன வோங் கிராமம் இன்று நகரத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. ஒருமுறை வெள்ளம் வயலை மூட, ஊர்ச்சனம் பசி தாங்காமல் இளங்கதிரை அறுத்து வறுத்துத் தின்றதாம். அப்படித்தான் கோம் பிறந்ததென்று அங்கே கதை சொல்கிறார்கள்.

அது கதை. 1944–45 பஞ்சம் கதையல்ல. பிரெஞ்சு ஆட்சியும் ஜப்பானியப் படையும் நெல்லைக் கட்டாயமாகப் பறித்தன. நெல் விளைந்த நிலத்தில் சணல் போடச் சொன்னார்கள். அமெரிக்கக் குண்டுவீச்சால் தெற்கிலிருந்து அரிசி வரும் பாதையும் அறுந்தது. வடக்கில் இறந்தவர்கள் 4 இலட்சத்திலிருந்து 20 இலட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். களஞ்சியங்களை உடைத்து நெல்லை எடுங்கள் என்ற வியட்மின் குரலுக்குப் பின்னால் சனம் திரண்டது சும்மா இல்லை. 1945 செப்டெம்பர் 2 அன்று ஹோ சி மின், ஹனோயின் பா தின் சதுக்கத்தில் சுதந்திரத்தை அறிவித்தார்.

அடுத்த வருடம், 1946இல், பாலுக்குத் தட்டுப்பாடு. மெட்ரோபோல் ஹோட்டலில் வேலை செய்த நுயென் வான் யாங், பாலுக்குப் பதிலாக முட்டை மஞ்சட்கருவை நுரைக்க அடித்துக் கோப்பியின் மேல் ஊற்றினார். இன்று உல்லாசப் பயணிகள் தேடிப்போய்க் குடிப்பது அந்தத் தட்டுப்பாட்டைத்தான்.

ஃபோவின் கதை இன்னும் கசப்பு. 1960களில் இறைச்சி கூப்பனுக்குத்தான் கிடைத்தது. அரசாங்கக் கடைகளில் இறைச்சித் துண்டே இல்லாத ஃபோ விற்றார்கள். அப்போது வானத்தில் அமெரிக்காவின் விமானி இல்லாத உளவு விமானங்கள் திரிந்தன. சனம் அந்தக் கோப்பைக்கு 'விமானி இல்லாத ஃபோ' என்று பேர் வைத்தது! பிறகு உளவு விமானங்களோடு நிற்கவில்லை. 1972 டிசம்பர் 26 இரவு, பி-52 விமானங்கள் காம் தியென் தெருவின் பெரும்பகுதியை இடிபாடாக்கின. கூப்பன் காலம் மறையத் தொடங்கியது 1986இல் 'தொய் மொய்' சீர்திருத்தம் வந்த பிறகுதான்.

இன்றைய ஹனோயில் ஃபோ தேசியப் பெருமை. அதில் தவறில்லை. ஆனால் ஒரு உணவைப் பெருமையாக மட்டும் பரிமாறினால், அதைப் பசியோடு உண்டாக்கியவர்கள் கதையிலிருந்து விழுந்துவிடுவார்கள். அரசர்களுக்கும் தளபதிகளுக்கும் சிலை இருக்கும். வெறும் சாற்றைக் குடித்துக்கொண்டே யுத்தத்தை நக்கலடித்த சனத்துக்கு மிஞ்சுவது அந்தப் பகிடி மட்டும்தான். அதையும் ஞாபகம் வைத்திருப்பதே வரலாறு என்று நாங்கள் நினைக்கிறோம்.