பாஸ்டர் நிறுவனத்தின் கூரையடித் தளம்

தேவைப்படும்போது மட்டும் ஒரு மரபணுவை இயக்க உயிரணுவால் எப்படி முடிகிறது என்பதற்கு முதல் தெளிவான விடை பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் கூரையடித் தளத்தில் கிடைத்தது. அங்கே ஆந்த்ரே லுவோஃபின் ஆய்வுக்கூடம் இருந்தது. நடைவழியின் ஒரு கோடியில் அவரும், 1950இல் வந்து சேர்ந்த பிரான்சுவா ஜக்கோபும் பாக்டீரியாவுக்குள் அடங்கிக் கிடக்கும் வைரஸ்களை ஆராய்ந்தார்கள். போரில் பட்ட காயம் ஜக்கோபின் அறுவை மருத்துவக் கனவைக் கலைத்திருந்தது. மறுகோடி ழாக் மோனோவுடையது.

இரண்டு சர்க்கரைகளைக் கலந்து கொடுத்தால் பாக்டீரியா முதலில் ஒன்றைத் தின்று தீர்க்கிறது; சற்றே வளர்ச்சி நின்றபின் மற்றதைத் தொடுகிறது. மோனோ இதை 1941இல் தம் முனைவர் ஆய்வேட்டிலேயே விவரித்திருந்தார். லாக்டோஸைச் சிதைக்கும் நொதி, லாக்டோஸ் இருக்கும்போதுதான் மிகுதியாக உருவாகிறது. சர்க்கரையே நொதியைத் தூண்டி உருவாக்குகிறது என்று அக்காலத்தில் நம்புவது இயல்பாகவே இருந்தது.

1957இல் அமெரிக்காவிலிருந்து ஆர்தர் பார்டீ வந்தார். அவரும் ஜக்கோபும் மோனோவும் செய்த சோதனை அந்த நம்பிக்கையைக் கவிழ்த்தது. நொதி மரபணுவும் அதைக் கட்டுப்படுத்தும் மரபணுவும் பழுதான பாக்டீரியாவுக்குள், இரண்டும் நல்ல நிலையில் உள்ள பாக்டீரியாவிலிருந்து அவை செலுத்தப்பட்டன. லாக்டோஸ் இல்லாமலேயே சில நிமிடங்களில் நொதி உருவாகத் தொடங்கியது. பிறகு மெல்ல நின்றுபோனது. கட்டுப்பாட்டு மரபணு தயாரிக்கும் ஏதோ ஒரு பொருள் போதுமான அளவு சேர்ந்ததும் நொதி மரபணுவை அடக்கிவிடுகிறது என்பதே இதன் பொருள். லாக்டோஸ் அந்தத் தடையை விலக்குகிறது, அவ்வளவுதான்.

வைரஸை உறங்க வைப்பதும் இதே முறைதான் என்பது 1958 கோடையில் ஜக்கோபுக்குப் புலப்பட்டது. நடைவழியின் இரு கோடிகளிலும் நடந்துவந்தது ஒரே ஆராய்ச்சி என்றாகிவிட்டது. டிஎன்ஏவில் அடக்கும் பொருள் வந்து பொருந்தும் ஓர் இடமும், அதன் ஆளுகைக்குட்பட்ட மரபணுக்களும் சேர்ந்த தொகுதிக்கு ஓபரான் என்று பெயரிட்டு, 1961இல் ஜக்கோபும் மோனோவும் விரிவான கட்டுரை வெளியிட்டார்கள். 1965இல் லுவோஃபையும் சேர்த்து மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அடக்கும் பொருள் ஆர்என்ஏவாக இருக்கலாம் என்பது ஜக்கோப், மோனோ இருவரின் ஊகம். அது தவறாகிப்போனது. 1966இல் ஹார்வர்டில் வால்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து, புரதம் என்று காட்டினார்கள். ஓர் உயிரணுவில் ஏறத்தாழ பத்து மூலக்கூறுகளே இருந்ததால் பிரித்தெடுப்பது எளிதாக இருக்கவில்லை. தடுப்பு மட்டுமே கட்டுப்பாடு அல்ல, ஊக்குவிக்கும் புரதங்களும் உண்டு என்று அராபினோஸ் சர்க்கரை மரபணுக்களைக் கொண்டு எல்லிஸ் எங்கல்ஸ்பர்க் வாதிட்டார். அது ஏற்கப்படச் சில ஆண்டுகள் பிடித்தன.