உலர் கிளட்ச், ஈரக் கிளட்ச்: இருகிளட்ச் கியர்பெட்டியின் இரு வகைகள்

டிசிடி எனப்படும் இருகிளட்ச் கியர்பெட்டியில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொன்று. கார் இரண்டாம் கியரில் ஓடும்போதே மூன்றாம் கியர் பூட்டித் தயாராக நிற்கும். ஒரு கிளட்ச் விடும் நொடியில் மற்றது பிடித்துக்கொள்வதால் இழுவை அறுவதில்லை. பிரெஞ்சுப் பொறியாளர் அடால்ஃப் கெக்ரெஸ் 1930களின் இறுதியில் வகுத்த இந்த யோசனை, 1980களில் போர்ஷே பந்தயக் கார்களில் ஓடி, 2003இல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32 வழியே பொதுச்சாலைக்கு வந்தது.

அந்த ஆறு கியர் பெட்டியில் இருந்தது ஈரக் கிளட்ச். அடுக்கடுக்கான தட்டுகள் எண்ணெயில் குளித்தபடி சுழலும். உரசலில் பிறக்கும் சூட்டை, பம்பு செலுத்தும் எண்ணெய் வாரிக்கொண்டு போகும். அது தாங்கியது 350 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. வேண்டிய எண்ணெய் சுமார் ஆறரை லிட்டர். அதே நிறுவனம் 2008இல் கொண்டுவந்த ஏழு கியர் உலர் கிளட்ச் பெட்டிக்கு 1.7 லிட்டரே போதும், தாங்குதிறன் 250. எண்ணெயைக் கலக்கிச் சுழலும் வீண்வேலை இல்லாததால் எரிபொருள் மிச்சம். ஆனால் சூடு தணிய, சுற்றியுள்ள காற்றையும் தட்டின் இரும்பையும் விட்டால் வேறு வழியில்லை.

இந்த வேறுபாடு சேரன்மகாதேவிப் பக்கம் கார் ஓட்டுபவருக்கு நன்றாகவே புரியும். வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி வழியாகச் சீராகப் போகும்வரை உலர் கிளட்ச் முழுப்பிடியில் இருக்கும், உரசலே இல்லை. பாபநாசம் தாண்டிக் காரையாறு ஏற்றத்தில், முன்னே ஊரும் பேருந்தின் பின்னால் பிரேக்கை விட்டுவிட்டு நகரும்போது கிளட்ச் பாதிப் பிடியில் வழுக்குகிறது. சித்திரை வெயிலும் சேர்ந்தால் கருகல் வாடை எழும். முகப்புப் பலகையில் சூட்டு எச்சரிக்கை வரும். ஈரக் கிளட்ச் இதையே அதிக நேரம் பொறுத்துக்கொள்ளும். அதற்கு விலையாக, குறித்த இடைவெளியில் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றியாக வேண்டும். கோல்ஃபின் பெட்டிக்கு அது 60,000 கிலோமீட்டர்.

இந்தியாவில் இரண்டுமே விற்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி 2019இல் வந்த ஹூண்டாய் வென்யூவின் ஏழு கியர் டிசிடி உலர் வகை. 2022இல் வந்த டாடா ஆல்ட்ராஸின் ஆறு கியர் பெட்டி ஈர வகை. நெரிசலும் மலையேற்றமும் அன்றாடம் என்றால் ஈரமே மேல். நெடுஞ்சாலை ஓட்டமே மிகுதி என்றால் உலர் வகை போதும். எந்த வகையானாலும் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்துக் காரை நிறுத்தி வைக்காதீர்கள், பிரேக்கைப் பிடியுங்கள்.