ஒரே கேப்டன், ஒரு சீனில் மஞ்சள் சட்டை, இன்னொரு சீனில் பச்சை! 'ஸ்டார் ட்ரெக்' சீருடைக் குழப்பம் ஏன்?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஜவுளி எடுக்கப் போனால், புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டு வந்து வெயிலில் ஒரு தடவை பார்ப்போம். கடை லைட்டில் ஒரு கலர், வெளியில் வேற கலர் தெரியும் இல்லையா? உலகப் புகழ்பெற்ற விண்வெளித் தொடரான 'ஸ்டார் ட்ரெக்'கிலும் இதே பிரச்சனைதான் நடந்தது.

மஞ்சளா, பச்சையா?

1966-ல் அமெரிக்காவின் என்பிசி டிவியில் தொடங்கிய தொடர் இது. கேப்டன் கிர்க் போட்டிருக்கும் சட்டை பொன் மஞ்சள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அது உண்மையில் பச்சை! ஆடை வடிவமைப்பாளர் வில்லியம் வேர் தைஸே பின்னாளில் இதைச் சொன்னார். வெல்வெட் மாதிரி இருக்கும் வெலூர் துணி, ஸ்டுடியோ லைட், அன்றைய ஃபிலிம் மூன்றும் சேர்ந்து பச்சையை மஞ்சளாகக் காட்டிவிட்டன. கிர்க்கின் இன்னொரு சட்டை வேறு வகைத் துணி. அது திரையிலும் பச்சையாகவே தெரிந்தது. அதனால்தான் ஒரே ஆளுக்கு இரண்டு கலர்!

சட்டை ஏன் சின்னதாச்சு?

வெலூர் துணி சலவைக்குப் போய் வரும்போதெல்லாம் சுருங்கியது. அதனால் ஒரே சட்டை ஒரு எபிசோடில் சரியாகவும் இன்னொன்றில் இறுக்கமாகவும் தெரியும். மூன்றாவது சீசனில் நைலான் பின்னல் துணிக்கு மாறினார்கள். கவனித்துப் பார்த்தால் துணியின் பளபளப்பே வேற மாதிரி இருக்கும்.

முதுகுவலி தந்த சீருடை

1987-ல் வந்த அடுத்த தொடர், 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்'. இதில் உடம்போடு ஒட்டும் ஸ்பான்டெக்ஸ் துணியில், மேலிருந்து கீழ்வரை ஒரே உடை. சுருக்கம் விழக்கூடாது என்று அளவைவிடச் சின்னதாகவே தைத்தார்கள். கேப்டனாக நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட்டுக்கு முதுகுவலியே வந்துவிட்டது. 1989-ல் மூன்றாவது சீசனில், ராபர்ட் பிளாக்மேன் கம்பளித் துணியில் மேல்சட்டை, பேன்ட் என்று தனித்தனியாகத் தைத்துக் கொடுத்தார். உட்கார்ந்து எழும்போது சட்டை மேலே ஏறும். ஸ்டூவர்ட் அதைக் கீழே இழுத்துவிடுவார். ரசிகர்கள் அதற்கு 'பிக்கார்ட் மனூவர்' என்றே பேர் வைத்துவிட்டார்கள்!

புது சீருடை எல்லாருக்கும் கிடைக்கவில்லை. பின்னணியில் நடந்து போகும் துணை நடிகர்கள் பழைய ஸ்பான்டெக்ஸிலேயே வந்தார்கள். ஒரே கப்பல், ஒரே காட்சி, இரண்டு விதத் தையல்!

நமக்கு இதில் என்ன?

ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு விண்வெளி வீரர் டிரஸ் தைக்கப் போகிறீர்களா? ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் காட்டி 'இதே கலர்' என்று சொன்னால் காசு வீணாகலாம்.

* துணியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து எடுங்க.
* குழுவாகத் தைப்பதென்றால் எல்லாருக்கும் ஒரே ரோலில் வாங்குங்க.
* காட்டன் என்றால் வெட்டும் முன்பே நனைத்துக் காயவையுங்க.
* குழந்தை உட்கார்ந்து, கை தூக்கிப் பார்த்த பிறகே அளவை முடிவு பண்ணுங்க.

சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம் தைத்துத் தரும் மதுரை தையல்காரர்களிடம் கேட்டால், இதையெல்லாம் உங்களுக்கு முன்னாடி அவங்களே சொல்லிடுவாங்க.