சளி பிடித்தால் இளைப்பு ஏன் வருகிறது? - ஒரு சின்ன வரலாறு



எங்கள் திருக்கோகர்ணம் பக்கம் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் வீட்டுக்கு வீடு தும்மல்தான். மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிடும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கோ இரண்டு மூன்று நாளில் இளைப்பு வந்துவிடும். "சளி நெஞ்சுல இறங்கிடுச்சு" என்பார்கள் பாட்டிமார். இது சரியா என்று சொல்ல அறிவியலுக்கு ஐம்பது வருடம் ஆனது என்றால் நம்புவீர்களா?

ஜலதோஷத்தை ஆராய்வதற்கென்றே 1946ல் இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் ஒரு நிலையம் தொடங்கினார்கள். நல்ல உடம்போடு வந்தவர்கள் மூக்கில் சொட்டு விட்டுக்கொண்டு வேண்டுமென்றே சளி வாங்கிக்கொண்டார்கள்! ஆனால் கிருமியை ஆய்வகத்தில் வளர்ப்பதுதான் பெரும்பாடு. 1960ல் டேவிட் டைரல் குழுவினர் சூட்டை 33 டிகிரிக்குக் குறைத்ததும் ரைனோவைரஸ்கள் வளர்ந்தன. மூக்குக்குள் இருக்கும் சூடு ஏறக்குறைய அவ்வளவுதான்.

அதிலேயே ஒரு சிக்கலும் வந்தது. நெஞ்சுக்குள் சூடு அதிகம். எனவே இந்த வைரஸ் மூக்கோடு நின்றுவிடும் என்று பலர் நினைத்தார்கள். இளைப்புக்குக் காரணம் பாக்டீரியா என்ற எண்ணமும் இருந்தது. 1973ல் அமெரிக்காவில் கென்னத் மெக்கின்டோஷ் குழுவினர் ஆஸ்துமா உள்ள குழந்தைகளைத் தொடர்ந்து பரிசோதித்தார்கள். இளைப்பு வைரஸோடுதான் சேர்ந்து வந்தது, பாக்டீரியாவோடு அல்ல.

பிசிஆர் சோதனை வந்தபிறகு விஷயம் தெளிவானது. 1995ல் செபாஸ்டியன் ஜான்ஸ்டன் குழுவினர் இங்கிலாந்தில் 9 முதல் 11 வயது வரையிலான 108 பிள்ளைகளை 13 மாதம் கவனித்தார்கள். இளைப்பு வந்த சமயங்களில் சுமார் 80 சதவீதத்தில் வைரஸ் இருந்தது. அதிகம் தென்பட்டது ரைனோவைரஸ் வகைதான். அது நெஞ்சின் மூச்சுக்குழாய்க்குள்ளும் வாழும் என்று 2000ல் இன்னொரு ஆய்வு காட்டியது. ஆக, பாட்டி சொன்னதில் பாதி சரி. இறங்குவது சளி அல்ல, வைரஸ்!

இந்தக் கதை நமக்கு எதற்கு? ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது. இளைப்பு வந்ததும் கடையில் அந்த மாத்திரையை வாங்கிப் போட்டு நாளைக் கடத்துவது ஆபத்து. "பழக்கமாகிவிடும்" என்று பயந்து இன்ஹேலரை ஒதுக்குவதும் அப்படித்தான். டாக்டர் தினமும் எடுக்கச் சொன்ன தடுப்பு இன்ஹேலர் மூச்சுக்குழாய் வீக்கத்தை அடக்கி வைக்கும். அடுத்த ஜலதோஷம் வரும்போது அதன் அருமை தெரியும்.

உங்கள் வகுப்பில் இளைப்புள்ள நண்பர் இருந்தால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.