பசித்தவரின் சம்மதம்

கூலிக்கு அமர்த்துதலாகிய ‘இஜாரா’வை விளக்கப் புகும் நம் ஃபிக்ஹு நூல்கள், இரு தரப்பாரும் மனமொப்பித் தரும் சம்மதத்தை அதன் உயிர்நிலையாகக் கொள்கின்றன. ஆயினும், இல்லாமையால் நெருக்குண்டவனை ‘முள்தர்’ என்று தனியே பிரித்துக் காட்டி, அவனுடைய தவிப்பை வாய்ப்பாகக் கொண்டு அவன் உடைமையை அடிமாட்டு விலைக்குப் பெறுவது தகுமா என்னும் வினாவையும் சட்ட மேதைகள் ஆராய்ந்தே சென்றுள்ளனர். பசித்தவர் தரும் சம்மதம் சம்மதமாகுமா? இதே வினா அமெரிக்க நாட்டின் நீதிமன்றங்களைக் கால் நூற்றாண்டுக் காலம் அலைக்கழித்த வரலாறு, நாம் அறிந்துகொள்ளத் தக்கதாகும்.

அந்நாட்டில் குறைந்தபட்சக் கூலிக்கென முதன்முதல் சட்டம் இயற்றியது மாஸசூசெட்ஸ் மாநிலம், ஆண்டு 1912. மறு ஆண்டே பசிபிக் கரையோரத்து வாஷிங்டன் உள்ளிட்ட வேறு சில மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின. பெண்களையும் சிறாரையும் காக்க எழுந்த சட்டங்கள் இவை. இவற்றை எதிர்த்த முதலாளிமார் கையில் எடுத்த ஆயுதம் ‘ஒப்பந்தச் சுதந்திரம்’ என்பது. கொடுப்பவரும் பெறுபவரும் ஒப்பிய கூலியில் அரசுக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்டனர்.

தலைநகர் வட்டாரத்துக்கென இயற்றப்பட்ட இத்தகைய சட்டமொன்று 1923-இல் உச்சநீதிமன்றத்தின் முன் நின்றது. வழக்காடியோருள் ஒருவர், ஹோட்டலொன்றில் மின்தூக்கி இயக்கிவந்த 21 வயதுப் பெண். மாதம் 35 டாலரும் நாளுக்கு இருவேளை உணவும் பெற்று மனநிறைவோடு இருந்த தம் வேலையை, இச்சட்டம் பறித்துவிட்டது என்பது அவருடைய முறையீடு. நீதிபதி சதர்லண்ட் எழுதிய தீர்ப்பு, 5-க்கு 3 என்னும் கணக்கில் சட்டத்தை வீழ்த்திற்று. முன்னாள் குடியரசுத் தலைவரும் அந்நாளைய தலைமை நீதிபதியுமான டாஃப்ட் இதற்கு உடன்படவில்லை. கடைநிலைத் தொழிலாளர், முதலாளியோடு சரிநிகராக நின்று பேரம் பேச வல்லவரல்லர் என்று சட்டமன்றம் கருதுவதில் பிழையில்லை என்பது அவர் கருத்து.

பின்னர் வந்த பெருமந்தம் இலட்சோப இலட்சம் மக்களை ‘முள்தர்’ ஆக்கிற்று. நியூயார்க் மாநிலம் 1933-இல் புதுச் சட்டம் இயற்றியது. அதனையும் உச்சநீதிமன்றம் 1936 ஜூன் 1-ஆம் நாள் 5-க்கு 4 என வீழ்த்தியது. நாடு கொதித்தது. அவ்வாண்டுத் தேர்தலில், எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியே இத்தகைய மாநிலச் சட்டங்களை ஆதரிப்பதாக அறிவிக்க நேர்ந்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ வென்று மீண்டும் பதவியேற்றார்.

இதற்கிடையே வாஷிங்டன் மாநிலத்தின் வெனாச்சி என்னும் சிற்றூரிலிருந்து ஒரு வழக்கு புறப்பட்டிருந்தது. அங்கு ஒரு ஹோட்டலில் அறைகளைத் துப்புரவு செய்துவந்த எல்சி பாரிஷ், மணிக்கு 22 சென்ட்டும் பிறகு 25 சென்ட்டும் பெற்றுவந்தார். சட்டப்படி அவருக்குரியதோ 48 மணி நேர வாரத்திற்கு 14 டாலர் 50 சென்ட். 1935-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டபோது 17 டாலர் தர முன்வந்தனர். அவர் ஏற்கவில்லை, விடுபட்ட 216 டாலர் 19 சென்ட்டையும் கோரி வழக்குத் தொடுத்தார். கீழ்நீதிமன்றம் 1923-ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டிக் கைவிரித்தது. மாநில உச்சநீதிமன்றமோ அவர் பக்கம் நின்றது. ஹோட்டல் நிறுவனம் மேல்முறையீடு செய்தது.

1937 மார்ச் 29-ஆம் நாள், 5-க்கு 4 என்னும் கணக்கில் நாட்டின் உச்சநீதிமன்றம் பாரிஷுக்கு நீதி வழங்கியது; 1923-ஆம் ஆண்டுத் தீர்ப்பு இரத்தாயிற்று. முந்திய ஜூனில் மறுபக்கம் நின்ற நீதிபதி ஓவன் ராபர்ட்ஸ் இப்போது இப்பக்கம் நின்றார். நீதிபதிகளின் தொகையைக் கூட்ட ரூஸ்வெல்ட் பிப்ரவரி 5-இல் வெளியிட்ட திட்டத்துக்கு அஞ்சியே அவர் மாறினார் என்று பலர் பேசினர். ஆனால் நீதிபதிகள் தமக்குள் கூடி வாக்களித்தது முந்திய டிசம்பரிலேயே என்பதை நோக்க, அப்பழி நிலைக்காது. எனினும், நாட்டு மக்களின் துயரும் தேர்தல் முடிவும் அவர் செவியை எட்டவேயில்லை என்று சொல்வதற்கும் இல்லை.

தலைமை நீதிபதி ஹியூஸின் தீர்ப்பு, ஒப்பந்தச் சுதந்திரம் தங்குதடையற்றதன்று என்றது. உழைப்போர்க்கு வாழ்வதற்கான கூலி மறுக்கப்படுமாயின், அக்குறையைச் சமுதாயமே சுமக்க நேர்கிறது. மனச்சான்றற்ற முதலாளிக்கு மக்கள் தரும் மானியமாக அது முடிகிறது என்று அது எடுத்துரைத்தது.

அடுத்த ஆண்டே நாடு முழுமைக்கும் மணிக்கு 25 சென்ட் என்னும் கூட்டரசுச் சட்டம் பிறந்தது. வாஷிங்டன் மாநில வாக்காளர்கள் 1998-இல் தம் குறைந்தபட்சக் கூலியை விலைவாசியோடு பிணைத்து, இதில் முதல் மாநிலம் என்னும் பெயரையும் பெற்றனர். கூட்டரசுக் கூலியோ 2009-இல் 7 டாலர் 25 சென்ட் ஆனபின் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக உயரவில்லை. போராட்டம் ஓய்ந்ததென எவரும் எண்ண வேண்டா.

இரு வழக்கிலும் நின்றவர்கள் ஹோட்டல் வேலை பார்த்த எளிய பெண்களே. ‘இதுவே போதும்’ என்ற ஒருத்தியின் சொல்லை நீதிமன்றம் சுதந்திரத்தின் குரலாகக் கேட்டது. ‘இது போதாது, எனக்குரியதைத் தருக’ என்ற மற்றவளின் சொல்லைக் கேட்கப் பதினான்கு ஆண்டுகள் சென்றன. வேலை போய்விடுமே என்ற அச்சம் பேசவைத்த சொல்லை மனமொப்பிய சம்மதமென எழுதிக்கொள்வது எளிது. அதனை நீதியென நாம் ஏற்பதற்கில்லை.