தொடர்புடைய மாடல்களில் வடிகட்டுதல் (ஜாங்கோ)

ஒரு தரவுத்தள அட்டவணையின் வரிசைகளை, அதனோடு உறவுள்ள வேறோர் அட்டவணையின் விவரத்தை நிபந்தனையாக வைத்துப் பொறுக்கி எடுக்கும் முறை. பைத்தான் மொழியில் அமைந்த ஜாங்கோ வலைச் சட்டகத்தில் இதற்கு எஸ்கியூஎல் எழுதத் தேவையில்லை. அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் நகர நாளிதழ் ஒன்றின் இணையப் பிரிவில் அட்ரியன் ஹொலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003-இல் உருவாக்கத் தொடங்கிய சட்டகம் இது. 2005 ஜூலையில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது.

உறவைத் தாண்ட இரட்டை அடிக்கோடு பயன்படுகிறது. ‘நூல்’ மாடலில் ஆசிரியரைச் சுட்டும் ஃபாரின் கீ இருந்தால், ஃபில்டருக்குள் ஆசிரியர்__ஊர்="மதுரை" என்று கொடுத்தால் போதும்; இரு அட்டவணைகளையும் இணைக்கும் ஜாயினை ஜாங்கோவே எழுதிக்கொள்ளும். அடிக்கோடுகளை நீட்டி எத்தனை உறவுகளை வேண்டுமானாலும் கடக்கலாம். எதிர்த்திசையிலும், அதாவது ஆசிரியரிலிருந்து நூலுக்கும், போகலாம். ஓர் ஆசிரியரின் நூல்களை நேரடியாக எடுக்கும்போது மாடல் பெயரின் வாலில் ‘_செட்’ ஒட்டும். ஃபில்டருக்குள் அது கூடாது. புதியவர்கள் இடறும் முதல் இடம் இது.

இரண்டாவது இடம் ஆழமானது. 1995-இல் வெளிவந்த நாவலை எழுதிய ஆசிரியர்கள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நூல்__வகை="நாவல்", நூல்__ஆண்டு=1995 ஆகிய இரண்டையும் ஒரே ஃபில்டரில் கொடுத்தால், ஒரே நூல் இரு நிபந்தனைகளுக்கும் பொருந்தியாக வேண்டும். இரண்டு ஃபில்டர்களாகச் சங்கிலியிட்டால் பொருள் மாறிவிடுகிறது: ஏதோ ஒரு நாவலும் 1995-இல் ஏதோ ஒரு நூலும் இருந்தாலே போதும். 1980-இல் நாவலும் 1995-இல் கவிதைத் தொகுப்பும் வெளியிட்டவர் முதல் வினவலில் வரமாட்டார், இரண்டாவதில் வந்துவிடுவார். நூல் அட்டவணை இருமுறை ஜாயின் ஆவதே காரணம். மூன்று நாவல்களும், 1995-இல் இரண்டு நூல்களும் உள்ளவர் ஆறு முறை திரும்பத் திரும்ப வருவார். ‘டிஸ்டிங்ட்’ சேர்த்தால் இந்தப் பெருக்கம் அடங்கும். தவறான ஆள் பட்டியலில் இருப்பது அடங்காது. பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால், ஆட்கள் கூடியிருப்பது பல நேரம் அறிக்கை போன பிறகே தெரியவருகிறது. ஒருவருக்கு ஒரு மதிப்பு மட்டுமே உள்ள உறவுகளில் இந்தச் சிக்கல் இல்லை.

விலக்கி எடுக்கும் ‘எக்ஸ்குளூட்’ இந்த விதிக்குள் அடங்குவதில்லை. நிபந்தனைகளை ஒரே அழைப்பில் கொடுத்தாலும் அவை ஒரே நூலைக் குறிக்க வேண்டியதில்லை. மேற்சொன்ன 1980, 1995 ஆசிரியரும் சேர்ந்தே விலக்கப்பட்டுவிடுவார். ஒரே பெயரமைப்பு கொண்ட இரு செயல்கள் இப்படி வேறுபடுவது வடிவமைப்பின் குறை என்றே சொல்லலாம். 1995 நாவல்களைத் தனி வினவலாக வடிகட்டி, அதை ‘நூல்__இன்’ வழியாக எக்ஸ்குளூட்டுக்குள் கொடுப்பதே வழி.

வடிகட்டிய பின் ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியர் பெயரைக் காட்டும்போது, வரிசைக்கொரு வினவல் தனியாக ஓடும் தொல்லை உண்டு. ‘செலக்ட் ரிலேட்டட்’ அதை ஒரே ஜாயினில் முடிக்கிறது. பல மதிப்பு உறவுகளுக்கு 2012-இல் வந்த 1.4 பதிப்பின் ‘பிரீஃபெட்ச் ரிலேட்டட்’ உதவும்.

ஜாயினால் வரிசைகள் பெருகுவதை அடியோடு தவிர்ப்பது, 2017-இல் 1.11 பதிப்பில் அறிமுகமான ‘எக்ஸிஸ்ட்ஸ்’ துணைவினவல். பொருத்தமான நூல் இருக்கிறதா இல்லையா என்று மட்டுமே அது கேட்கும். தொடக்கத்தில் அதைக் கூடுதல் புலமாகச் சேர்த்த பிறகே வடிகட்ட முடிந்தது. 2019 டிசம்பரில் வந்த 3.0 முதல் ஃபில்டருக்குள் நேராகவே எழுதலாம்.