தோல்பாவைக் கூத்தில் நினைவும் அகக்காட்சியும்

முன்னுரை

எலப்புள்ளி முதலிய ஊர்களை உள்ளடக்கிய பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லை தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் நிலப்பகுதியாகும். இம்மாவட்டத்தின் பகவதி கோயில்கள் பலவற்றில் கம்பராமாயணம் தோல்பாவைக் கூத்தாக நிகழ்த்தப்பெற்று வருகிறது. அச்சிட்ட கம்பராமாயணத்தோடு ஒப்பிட்டு, அதனின் வேறுபடும் கூத்துப் பாடத்தைச் சிதைவு எனக் கருதுவோர் உளர். அவ்வேறுபாடுகளைப் பயிற்சி பெற்ற நினைவின் செயற்பாடாகக் கொள்வதே பொருத்தம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

கூத்தும் காண்போரும்

கூத்துமாடத்தில் ஆயப்புடவை எனப்படும் திரை கட்டப்பெறும். அதன் பின்னே தேங்காய் மூடிகளில் இருபத்தொரு விளக்குகள் எரியும். இரவில் தொடங்கும் கூத்து விடியல்வரை நீளும். கோயில் மரபிற்கேற்ப 7, 14, 21 எனப் பல இரவுகள் தொடரும். புலவர்கள் பாடல்களை ஏடு நோக்காது நினைவிலிருந்தே பாடி, தமிழும் மலையாளமும் விரவிய உரைநடையில் விளக்குவர். ஒருவர் வினவ மற்றவர் விடை கூறுவர்.

இக்கூத்தில் காண்போர் மிகச் சிலராகவோ ஒருவருமின்றியோ இருப்பதை ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். பகவதி தாருகனோடு பொருதிக்கொண்டிருந்தமையால் இராம இராவணப் போரைக் காண இயலவில்லை என்றும், அதனை அவளுக்குக் காட்டவே கூத்து தோன்றியது என்றும் மரபுக்கதை கூறுகிறது. கண்ணால் காணாததைக் காணச் செய்தலே இக்கலையின் நோக்கம் என்பது இக்கதையால் பெறப்படும்.

அகக்காட்சி பற்றிய ஆய்வுகள்

திரையில் தோன்றும் நிழலுருவங்களின் அசைவு மிகக் குறைவு. சில உறுப்புகளே இயங்கும். நெடுநேரம் உருவம் அசையாதிருக்க, சொல்லே காட்சியை வளர்க்கிறது. இந்நிலையை விளங்கிக்கொள்ள மூளையியல் ஆய்வுகள் துணைபுரிகின்றன. கண்களை மூடி உருவங்களை எண்ணும்போது மூளையின் முதன்மைப் பார்வைப் பகுதியும் செயற்படுவதை ஸ்டீபன் கோஸ்லின் குழுவினர் 1995இல் எடுத்துக்காட்டினர். முகத்தை நினைக்கையில் முகம் காணும் பகுதியும், இடத்தை நினைக்கையில் இடம் காணும் பகுதியும் கிளர்வதை ஓக்ரேவன், கான்விஷர் ஆகியோர் 2000இல் கண்டறிந்தனர். எனவே கவனம் எதன்மேல் செல்கிறதோ அதற்கேற்பப் பார்வைப் பகுதிகளின் செயற்பாடு மாறுகிறது எனலாம். இவை ஆய்வுக்கூட முடிவுகளாதலின் கூத்தின்மேல் அப்படியே ஏற்றிக் கூறுதல் பொருந்தாது. எனினும், நினைவுகூர்தல் என்பது சொற்களை மீட்டெடுத்தல் மட்டுமன்று, காட்சியை மீண்டும் எழுப்புதலும் ஆகும் என்னும் கருத்திற்கு அவை அரண் செய்கின்றன.

நினைவும் பாடமும்

யூகோசுலாவியக் காவியப் பாடகர்கள் ஒவ்வொரு முறையும் பாடலைப் புதிதாகப் புனைந்தே பாடினர் என ஆல்பர்ட் லார்ட் 1960இல் காட்டினார். பாலக்காட்டுப் புலவர் மரபு இதனின் வேறானது. யாப்பும் எதுகையும் காப்பதால் செய்யுள் பெரிதும் நிலைத்து நிற்கிறது, உரையே விரிகிறது. செய்யுள் ஒலியாகவும் உரை காட்சியாகவும் நினைவில் இயங்குவதால் இவ்வேறுபாடு அமைகிறது எனக் கருத இடமுண்டு.

சம்புகுமாரன் கதை இதற்குத் தக்க சான்றாகும். கம்பர் காப்பியத்தில் இக்கதை இல்லை. கூத்தில், பஞ்சவடியில் மரம் வெட்டும் இலக்குவனால் சூர்ப்பணகையின் மகன் அறியாது கொல்லப்படுகிறான். இவனது கொலை விமலசூரியின் பௌமசரியத்திலும் சிறிது வேறுபட்ட வடிவில் இடம்பெறுகிறது. சூர்ப்பணகையின் வருகைக்குக் காரணம் தேடும் கவனம், நினைவிலுள்ள பிறிதொரு மரபிலிருந்து நிகழ்ச்சியைக் கொணர்கிறது. இதனை மறதியின் விளைவு எனல் இயலாது. காட்சியை நிறைவுசெய்யும் முயற்சி எனலே தகும்.

முடிவுரை

கே.எல். கிருஷ்ணன்குட்டிப் புலவர் (1925–2000) இக்கலையைக் கோயிலுக்கு வெளியேயும் அறிமுகப்படுத்தினார். அவர் மகன் இராமச்சந்திரப் புலவர் 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். வெளிமேடைகளுக்கெனச் சுருக்கப்பட்ட நிகழ்ச்சிகளால் கலை பரவியது. ஆயினும் பாவை காட்சிக்கூடத்திலும் செய்யுள் ஏட்டிலும் எஞ்சலாம். இரவு முழுதும் வினாவிடையால் வளரும் உரை அவற்றில் எஞ்சாது. ஆதலின் கூத்துப் பாடத்தை அச்சுநூலுக்கேற்பத் திருத்தாமல், ஒரே புலவர் ஒரே பகுதியைப் பல இரவுகளில் உரைப்பதைப் பதிவுசெய்து ஒப்பிடுதல் தமிழாய்வின் உடனடிக் கடமையாகும்.